வலது பக்கத்துப் புள்ளி

எனக்கு நீராவி என்றாலே ஆகாது. புதுச்சேரியில் பிறந்து வளர்ந்து, உப்பளம் பகுதியில் குடியிருக்கும் ஒருத்தி இப்படிச் சொன்னால் யாரும் சிரிப்பார்கள். காலையில் காயப்போட்ட துணி சாயங்காலம் எடுக்கும்போதும் பிசுபிசுவென்று இருக்கும் ஊர் இது. ஆனால் நான் சொல்வது இந்த ஊர் ஈரத்தை அல்ல. எங்கோ ஒரு மலை மேல் நிற்கும் தொலைநோக்கிக்கும் வானத்துக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்துகொண்டிருக்கும் நீராவியைச் சொல்கிறேன். என் பாதி ஆயுள் அதோடு மல்லுக்கட்டியே போய்விட்டது.

என்ன வேலை செய்கிறேன் என்று யாருக்கும் ஒழுங்காகச் சொல்லிப் புரியவைத்ததில்லை. எதிர் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தெருவே அவரை சொல்தா, அதாவது சிப்பாய், என்றுதான் கூப்பிடும். “நாள் பூரா வூட்லயே குந்திக்கினு அந்தக் கம்ப்யூட்டர்ல இன்னாம்மா பண்ற?” என்று ஒருமுறை கேட்டார். “வானத்தத் துடைக்கிறேங்க” என்றேன். “நல்லா துடைம்மா, ஒரே தூசியா கீது” என்று சொல்லிவிட்டுப் போனார். பல கருத்தரங்குகளில் கிடைத்ததை விட நல்ல பதில் அது.

அவருக்குச் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். தூரத்துத் தூரத்து ஊர்களில் இருக்கும் சில ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் வானத்தில் ஒரே பொருளைப் பார்க்கும். அவை பிடித்த அலைகளைக் கணினியில் ஒன்றாகச் சேர்த்தால், அந்த ஊர்களுக்கு இடையில் இருக்கும் தூரம் அவ்வளவுக்கும் ஒரே பெரிய தொலைநோக்கி வைத்துப் பார்த்தது போன்ற கூர்மை கிடைக்கும். ஒரு நிபந்தனை, அலைகள் மேடும் மேடும் சேர்ந்து வர வேண்டும். ஒவ்வொரு தொலைநோக்கிக்கு மேலேயும் இருக்கும் நீராவி அலையைக் கொஞ்சம் தாமதப்படுத்திவிடுகிறது, அதுவும் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு அளவு, நிமிடத்துக்கு ஒரு அளவு. மேடு போய்ப் பள்ளத்தில் விழுகிறது. படம் கலங்கிவிடுகிறது. இந்தப் பிசகுக்கு ஃபேஸ் பிழை என்று பெயர். அதைக் கண்டுபிடித்துக் கழிப்பதுதான் என் வேலை. குழுவில் எனக்கு ‘ஃபேஸ் அக்கா’ என்றே பெயர். எங்கள் தெருவில் ஃபேஸ் போச்சு என்றால் பாதி வீட்டுக்குக் கரண்ட் இல்லை என்று அர்த்தம், அந்த நாளில் ஃபேஸ் அக்காவுக்கும் வேலை இல்லை.

படம் எல்லாம் மற்றவர்களுடையது. கருந்துளை ஒருவருடையது, விண்மீன் பிறக்கும் மேகம் இன்னொருவருடையது. நான் அவற்றைக் கழுவித் துடைத்துத் திருப்பி அனுப்புகிறவள். இதில் எனக்கு வருத்தம் இல்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இருந்தது. இப்போது அந்த வருத்தமும் களைத்துப்போய் எங்கோ உட்கார்ந்துவிட்டது.

என் தோழியும் நானும் இங்கே ஒரே கல்லூரியில் இயற்பியல் படித்தோம். அவள் கனகசெட்டிக்குளத்துக்காரி. படகு வைத்திருந்த வீட்டுப் பெண். காலையில் பஸ்ஸைப் பிடித்து, முடி காய்வதற்குள் வகுப்புக்கு வந்துவிடுவாள். வந்த உடனே யாரோடாவது சண்டை போடுவாள். என் அப்பா மில் வேலைக்காரர், மில் மூடியதும் கிடைத்த வேலையெல்லாம் பார்த்தவர். எங்கள் இருவர் வீட்டிலும் வானத்தைப் பார்ப்பது என்றால் மழை வருமா என்று பார்ப்பதுதான். அப்படி இருந்தும் இருவரும் பெங்களூரில் ஒரே ஆய்வகத்தில் போய்ச் சேர்ந்தோம். அப்பா படுத்த படுக்கையானதும் நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி ஒப்பந்த வேலை அமைந்தது, அப்பா போன பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. அவள் வெளிநாடு போனாள். ஓர் ஊரில் கொஞ்ச காலம், இன்னோர் ஊரில் கொஞ்ச காலம் என்று ஒப்பந்தம் ஒப்பந்தமாக மாறிக்கொண்டே இருந்தாள். கல்யாணம் என்று பேச்சு வந்தால், “எந்த ஊர்ல பந்தல் போடறது, சொல்லு” என்பாள்.

அவளுடைய சொத்து ஒரு புள்ளி. மிகத் தூரத்தில் இருக்கும் ஒரு விண்மீன் திரளின் நடுவில் பிரகாசமான ஒரு மையம் இருக்கிறது. அது எல்லோருக்கும் தெரியும். அதற்கு இடது பக்கத்தில், மிகச் சிறிய அலைநீளத்தில் மட்டும், மங்கலாக இன்னொரு புள்ளி இருப்பதை அவள் தன் முனைவர் பட்ட ஆய்வில் காட்டினாள். ஒரு கருந்துளை அல்ல, ஒன்றையொன்று சுற்றும் இரண்டு கருந்துளைகள் என்று அதற்குப் பொருள். அந்தக் கட்டுரைதான் அவளை ஊர் ஊராகக் கூட்டிப்போனது. அதன் பிறகு அவள் எழுதிய எல்லாமே அந்தப் புள்ளியின் மேல் கட்டியதுதான். அதை அவள் ‘ரெண்டாவது ஆளு’ என்பாள்.

அந்த வருடம் அவளுக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலைக்கான கடைசி நேர்முகத் தேர்வு வந்தது. அவளையும் சேர்த்து மூன்று பேர்தான் மிச்சம். எங்கள் வயதில் இதற்கு மேல் இன்னொரு வாய்ப்பு வராது, அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதே சமயம் அவள் வாதாடி வாங்கியிருந்த தொலைநோக்கி நேரத்தில் எடுத்த புதிய பதிவுகளும் எனக்கு வந்து சேர்ந்தன. ஒரே நொடியில் பல அலைநீளங்களில் பார்க்கும் கருவிகள் பொருத்திய தொலைநோக்கிகள் அவை. முதல்முறையாக அந்தப் புள்ளியை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டலாம். தேர்வு அடுத்த வாரம்.

“ஏய், இன்டர்வியூக்கு முன்னாடி படத்தக் குடுத்துடு. ரெண்டாவது ஆளை நல்லா குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பொட்டு வச்சி அனுப்பு” என்றாள் போனில்.

“உங்க ஆளு குளிக்க மாட்டேன்னு அடம் பிடிச்சா?”

“அடி போடு. உன் கையில அடி வாங்காத ஆளா?”

பல அலைநீளங்களில் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டால், பதில் எளிது. நீராவி எல்லா அலைகளையும் ஒரே அளவு தூரம்தான் பின்னுக்கு இழுக்கிறது. நீளமான அலைக்கு அந்தப் பின்னடைவு சின்னப் பிசகு. அதில் கால்வாசி நீளமுள்ள அலைக்கு அதே பின்னடைவு நான்கு மடங்குப் பிசகு. நீள அலையில் பிசகு நிதானமாக இருக்கும், அளப்பது சுலபம். அதை அளந்து, நான்கால் பெருக்கி, அதே நொடியில் வந்த குட்டை அலையிலிருந்து கழித்துவிட்டால் போதும். ஒரு சிக்கல் உண்டு. பிசகை நாம் பார்ப்பது கடிகார முள்ளைப் பார்ப்பது மாதிரி. முள் இப்போது எங்கே நிற்கிறது என்று தெரியும், அதற்குள் எத்தனை சுற்று சுற்றியது என்று தெரியாது. அதனால்தான் அலைநீளங்களை முழு மடங்காகப் பொறுக்கி எடுக்கிறோம். நாம் கவனிக்காமல் விட்ட ஒரு சுற்றை நான்கால் பெருக்கினாலும் நான்கு முழுச் சுற்றுதான், முள் அதே இடத்தில்தான் வந்து நிற்கும். மடங்கு முழுதாக இல்லாவிட்டால் தலைவலி.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. குட்டை அலையின் பிழையைத் திருத்த, குட்டை அலையின் படம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே எதையும் ஊகிக்கத் தேவையில்லை. பழைய முறையில் அப்படி இல்லை. அதில் படமும் தெரியாது, பிழையும் தெரியாது. ஆகவே ஓர் ஆரம்பப் படத்தை வைத்துக்கொண்டு, இதுதான் உண்மை என்றால் பிழை எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கழிப்போம். கழித்ததும் புதுப் படம் வரும். அதை வைத்து மறுபடியும் கழிப்போம். ஆரம்பப் படத்தை யாரும் வெறுமையிலிருந்து எடுப்பதில்லை. கடைசியாக யார் நல்ல படம் போட்டார்களோ அதை எடுத்து வைப்பது வழக்கம். நானும் அப்படித்தான் செய்வேன், உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். சமிக்ஞை வலுவாக இருக்கும்வரை அதில் கெடுதல் ஒன்றும் இல்லை.

அன்று காலை என் வீட்டுக்காரர் இங்கே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருக்கும் தன் கம்பெனிக்கு முதல் ஷிப்டு போய்விட்டார். உப்பளம் மைதானத்தில் ஏதோ கட்சிக் கூட்டத்துக்கு மைக் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஹலோ ஹலோ என்று ஒருவர் விடாமல் கத்திக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். நீள அலைப் படம் எதிர்பார்த்தபடியே வந்தது. அதன் கூர்மைக்கு இரண்டு புள்ளிகளும் ஒன்றாகத்தான் தெரியும், ஒரு திட்டு மட்டும் இருந்தது. பெருக்கினேன், கழித்தேன். வானத்தில் அதற்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பொருளை இடையிடையே பார்த்து எடுத்திருந்த பதிவை வைத்து, மெதுவாக நகரும் மிச்சப் பிழையையும் எடுத்தேன். குட்டை அலைப் படம் திரையில் விரிந்தது.

மையம் இருந்தது. ஊசி முனை மாதிரி, அவ்வளவு கூர்மை. இடது பக்கத்தில் ஒன்றும் இல்லை.

முதலில் எனக்குக் கவலையே வரவில்லை. நான் தப்பு செய்திருப்பேன் என்று நினைத்தேன், ஆசையாகவும் நினைத்தேன். தப்பு என்றால் திருத்திவிடலாம். கூட்டல் வர வேண்டிய இடத்தில் கழித்தல் போட்டேனா என்று பார்த்தேன், இல்லை. மடங்கு சரியா, சரி. ஒரு தொலைநோக்கியின் கடிகாரம் ஏதாவது தகராறு செய்கிறதா, இல்லை. ஒவ்வொரு தொலைநோக்கியாக விலக்கிப் பார்த்தேன். கடைசியில், அதே இரவில் அதே கருவிகள் பதிவு செய்திருந்த வேறொரு பொருளை எடுத்தேன். அது இரட்டை என்று உலகத்துக்கே தெரியும், எல்லா அலைநீளத்திலும் எல்லோரும் பார்த்தது. அதற்கும் அதே பெருக்கல், அதே கழித்தல். அது ஒழுங்காக இரண்டாக வந்து நின்றது. அதன் துணைப்புள்ளி என் தோழியின் புள்ளியை விட மங்கல்.

என் முறை சரியாக வேலை செய்கிறது என்று அன்றைக்கு வருத்தப்பட்டது போல வேறெப்போதும் பட்டதில்லை.

எழுந்துபோய்க் காபி போட்டேன். திரும்பி வந்து, பழைய முறையையும் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீள அலைகளை ஓரம் கட்டிவிட்டு, குட்டை அலைப் பதிவை மட்டும் எடுத்தேன். வழக்கப்படி ஆரம்பப் படமாகத் தோழியின் பழைய படத்தை வைத்தேன். இரண்டு புள்ளி. ஓட்டினேன். வந்துவிட்டது. இடது பக்கத்தில், அதே தூரத்தில், அவள் சொன்ன அதே வெளிச்சத்தில் ரெண்டாவது ஆளு வந்து நின்றார். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. இதை அனுப்பினால் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். வழக்கமான முறை, வழக்கமான ஆரம்பம். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. காபி ஆறுவதற்குள் அந்தச் சந்தோஷம் முடிந்தது.

அடுத்து செய்ததை ஞானத்தால் செய்யவில்லை, கோபத்தால் செய்தேன். வெளியே மைக்கில் இருந்தவர் இன்னும் ஹலோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஆரம்பப் படத்தில் இருந்த இடது பக்கப் புள்ளியை அழித்துவிட்டு, அதே அளவில் ஒரு புள்ளியை வலது பக்கத்தில் வைத்தேன். அங்கே எதுவோ இருப்பதாக இதுவரை யாரும் சொன்னதில்லை, கனவில்கூட. ஓட்டினேன்.

வலது பக்கத்தில் வந்தது. இடது பக்கத்தில் வந்ததற்குக் கொஞ்சமும் குறையாத அழகோடு வந்தது. இடது பக்கம் சுத்தமாக இருந்தது.

மூன்று படங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். எதையும் கேட்காதபோது ஒரே புள்ளி. இடது பக்கம் கேட்டபோது இடது பக்கம். வலது பக்கம் கேட்டபோது வலது பக்கம். குட்டை அலையில் சமிக்ஞை அவ்வளவு பலவீனம், பிழையைத் திருத்துகிறேன் என்று நாம் ஒவ்வொரு நிமிடமும் திருகும் திருகலில் இரைச்சலே வரிசைகட்டி நாம் சொன்ன இடத்தில் போய் நின்றுவிடுகிறது. இப்படி நடக்கும் என்று பாடமாகப் படித்திருக்கிறேன், நானே வகுப்பும் எடுத்திருக்கிறேன். என் தோழியின் வாழ்க்கையில் நடந்திருக்கும் என்று நினைத்ததில்லை. மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். யாருக்காக என்று கேட்டால் அவளுக்காகத்தான்.

மதியம் வீட்டுக்காரர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“இன்னா ஆச்சு, மூஞ்சி இப்படி கீது? சாப்ட்டியா?”

சாப்பிடவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னேன். என் வேலையைப் பற்றி அவர் அதிகம் கேட்பதில்லை, ஆனால் தோழியை அவருக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவள்.

“அப்ப அந்த ரெண்டாவது இல்லவே இல்லியா?”

“இல்லன்னு அடிச்சு சொல்ல முடியாதுங்க. இருக்குன்னு சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.”

“அப்படின்னா?”

“இல்லன்னுதான் வச்சுக்கணும்.”

ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். பிறகு, “இன்டர்வியூ முடியட்டும், அப்புறமா சொல்லு” என்றார். “நெட்டு இல்ல, படம் இன்னும் வரலன்னு சொல்லிடு. நம்ம ஏரியாவுல நெட்டு போறது புதுசா? அந்தப் பொண்ணு கைல ஆர்டரு வந்துடட்டும். உன் புள்ளி எங்க ஓடிடப் போவுது?”

எனக்கும் அது தப்பாகப் படவில்லை. இல்லாததை இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. அவளும் தெரிந்து பொய் சொல்லப்போவதில்லை, நம்பியதைத்தான் சொல்வாள். கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சரி என்றேன்.

அன்று சாயங்காலமே அவளிடமிருந்து செய்தி வந்தது. ‘ரெண்டாவது ஆளு குளிச்சாச்சா?’ ‘தண்ணி வரல’ என்று பதில் அனுப்பினேன். சிரிப்புப் பொம்மைகளை வரிசையாக அனுப்பினாள். மறுநாள், தேர்வில் பேசப்போவதை எழுதி எனக்கு அனுப்பினாள். அந்த உரையில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டிருந்தாள். அது என் படத்துக்கு. அதை மூடிவிட்டுக் கடைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கடையில் நின்று யோசித்துவிட்டு, ஒரு கட்டு கீரையோடு திரும்பினேன். வேறொருவர் அனுப்பிய பதிவுகள் காத்திருந்தன, அதில் கை வைக்க முடியவில்லை. எந்தப் படத்தைத் திறந்தாலும், இதில் யார் எந்தப் பக்கம் எதை வைத்தார்களோ என்றுதான் தோன்றியது. உடம்பில் காய்ச்சல் இல்லை, ஆனால் காய்ச்சல் வந்து போன மாதிரி அசதி.

அதற்கடுத்த நாள் அவள் வீடியோவில் கூப்பிட்டாள். அவள் அறையில் வெளிச்சம் மங்கலாக இருந்தது, ஜன்னலுக்கு வெளியே பனி. கழுத்தைச் சுற்றி ஒரு கம்பளித் துண்டு. தேர்வுக்கு என்று புதிதாக ஒரு கோட்டு வாங்கியிருந்தாள், அதை எடுத்துப் பிடித்துக் காட்டினாள்.

“எப்படி கீது? எங்க அண்ணன் பாத்தா சிரிப்பாரு. ஆமா, படம் எங்க?”

“அனுப்பறேன்” என்றேன். மூன்றையும் அனுப்பினேன்.

அனுப்பும்வரை அனுப்புவேன் என்று எனக்கே தெரியாது. அவள் திறந்து பார்ப்பது அவளுடைய மூக்குக்கண்ணாடியில் தெரிந்தது. பிறகு பரீட்சை எடுப்பவள் மாதிரிக் கேட்க ஆரம்பித்தாள்.

“பிளஸ் மைனஸ் சைன் பாத்தியா?”

“பாத்தேன்.”

“மடங்கு?”

“முழு மடங்குதான்.”

“தெரிஞ்ச டபுள் ஒண்ணு எடுத்தோமே, அதுல போட்டுப் பாத்தியா?”

“போட்டேன். டபுளாவே வந்துச்சு.”

“இந்த மூணாவது இன்னாது? வலது பக்கம் யாரு?”

“நான் வச்சேன்டி.”

“வச்சா?”

“வந்துடுச்சு.”

அவள் கம்பளித் துண்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு விளக்க வேண்டியதே இல்லை. என்னை விடக் கெட்டிக்காரி, வலது பக்கத்துப் புள்ளி எதைச் சொல்கிறது என்று பார்த்த உடனே புரிந்திருக்கும். “சரி, வைக்கிறேன்” என்றாள். திரை அணைந்தது. நான் திரும்பக் கூப்பிடவில்லை, கூப்பிட்டு என்ன சொல்வது.

தேர்வு முடிந்த அன்று ஒரு வரி வந்தது. ‘மூணையும் காட்டினேன்.’ அவ்வளவுதான். பிறகு மற்றவர்கள் மூலம் கேள்விப்பட்டேன். அந்தக் காலிப் பக்கத்தில் மூன்று படங்களையும் போட்டு, தன் புள்ளியைத் தானே எடுத்துவிட்டிருக்கிறாள். தேர்வுக் குழுவில் இருந்தவர்கள் அவளுடைய நேர்மையை மிகவும் பாராட்டினார்களாம். வேலையை இன்னொருவருக்குக் கொடுத்தார்களாம்.

நாங்கள் சேர்ந்து கட்டுரை எழுதினோம், மின்னஞ்சலில், வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை இல்லாமல். அவள் பிடிவாதமாக என் பெயரை முதலில் போட்டாள். அத்தனை வருடத்தில் என் பெயர் முதலில் வந்த ஒரே படம் ஒன்றும் இல்லாத படம். நிறைய பேர் வாழ்த்து அனுப்பினார்கள். பல அலைநீள முறையின் பலத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று ஒருவர் எழுதியிருந்தார். பேச அழைத்தார்கள், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். என் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அவளுடையது முடிந்துபோனது.

பாராட்டியவர்கள் எல்லோரும் எனக்கு உண்மையின் மேல் பெரிய பிடிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது, நான் களைத்திருந்தேன், தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இத்தனை வருடமாக எதுவானாலும் நான் முதலில் சொல்கிற ஆள் அவள்தான்.

அவள் ஊருக்கு வந்துவிட்டாள் என்பதை அவள் அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மார்க்கெட்டில் பார்த்தார். “வந்து ரொம்ப நாள் ஆவுதும்மா, உனுக்குச் சொல்லலியா?” என்று அவரே சங்கடப்பட்டார். கனகசெட்டிக்குளத்தில் அவர் வீட்டு மாடியறையில் இருக்கிறாளாம். ஆன்லைனில் பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வுக்குப் பாடம் எடுக்கிறாளாம். நான் போன் செய்தேன், எடுக்கவில்லை. நேரில் போகலாம் என்று பலமுறை கிளம்பி, பஸ் நிறுத்தம்வரை போய்த் திரும்பினேன்.

ஒருநாள் மதியம் அவளே வந்தாள். கையில் ஒரு பை நிறைய சங்கரா மீன். “அண்ணன் குடுத்துச்சு. கிளீன் பண்ணிதான் கீது, கொழம்பு மட்டும் வை” என்றாள், நேற்றுதான் பார்த்துவிட்டுப் போனவள் மாதிரி. முடி முன்பக்கம் நரைத்திருந்தது. குழம்பு கொதிக்கும்வரை அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, தன்னிடம் படிக்கும் பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாடு தெரியாமல் எப்படி அண்டவியல் கேள்வி கேட்கிறார்கள் என்று கிண்டல் செய்தாள். நானும் சிரித்தேன். இருவரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

கை கழுவிவிட்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். “அத எடு” என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. பதிவைத் திறந்து கொடுத்தேன். அவள் ஆரம்பப் படத்தில் புள்ளியை மையத்துக்கு நேர் மேலே வைத்து ஓட்டினாள். மேலே வந்தது. கீழே வைத்தாள், கீழே வந்தது. இரண்டு புள்ளி வைத்தாள், இரண்டும் வந்தன. “எவ்ளோ நல்ல டேட்டா பாரு, கேட்டத இல்லன்னே சொல்லாது” என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது, முகத்தில் இல்லை. பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எதையும் ஊகிக்காமல் எடுத்த அந்த ஒற்றைப் புள்ளிப் படத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சூப்பரா பண்ணியிருக்கடி” என்றாள். “இவ்ளோ சுத்தமான ஃபேஸ் நான் பாத்ததே இல்ல.”

தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள்.

“ஒண்ணு கேக்கட்டா?” என்றாள், திரையைப் பார்த்தபடியே. “இன்டர்வியூ முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கக் கூடாதா?”

இத்தனை மாதமாக இந்தக் கேள்விக்குப் பயந்துதான் பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். உண்மை, அறிவியல் என்று எதையும் அவளிடம் சொல்ல முடியாது. அவை எனக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

“சொல்லியிருக்கலாம்” என்றேன். “அப்புறமா சொல்லலாம்னுதான் இருந்தேன். முடியல.”

அவள் தலையாட்டினாள்.

“அப்புறமா சொல்லியிருந்தா நீ என்ன மன்னிச்சிருப்பியா?” என்று கேட்டேன்.

“மாட்டேன்” என்றாள் உடனே. “ஏன்டி மறைச்சன்னு செமத்தியா திட்டியிருப்பேன். உன்கூட பேச்சையே நிறுத்தியிருப்பேன்.” தம்ளரை மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “ஆனா வேலைல இருந்துக்கினு திட்டியிருப்பேன்.”